முதலில் கரை, பிறகுதான் கூடாரம்

சாண்ட்பாங்ஸுக்குக் காம்பிங் போகப்போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கரைக்கு?" என்பதுதான். பெரும்பாலும் ஒரு முழிப்புத்தான் பதிலாக வரும். அங்கே மூன்று கரைகள் இருக்கின்றன என்பது தெரியாமலே பல வருடங்களாக அவுட்லெட் கரைக்கு மட்டும் போய் வருகிற குடும்பங்கள் ஸ்காபுறோவில் நிறைய. ரென்ற், அடுப்பு, கூலர் என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வாங்குவார்கள். எந்தத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்கப்போகிறோம் என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அது தலைகீழ் வேலையாகப் படுகிறது.

இடம் தெரியாதவர்களுக்கு: ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், நெரிசல் இல்லாத நாளில் இரண்டரை மணி நேரத்தில் சாண்ட்பாங்ஸ் மாகாணப் பூங்கா. பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டி என்ற நிலப்பரப்பின் தென்மேற்குக் கரையில், ஒன்ராறியோ ஏரியைப் பார்த்தபடி கிடக்கிறது. கவுண்டி முன்பு தீபகற்பமாக இருந்தது. 1889 இல் மறே கால்வாயை வெட்டி முடித்ததோடு தீவாகிவிட்டது. பாலத்தைக் கடக்கும்போது அதைக் கவனிக்கிறவர்கள் குறைவு, எங்கள் வாகனத்தில் எல்லோருடைய கண்ணும் சோளம் விற்கிற கொட்டிலைத்தான் தேடும்.

பூங்காவின் மணல் எப்படி வந்தது என்று தெரிந்தால் திட்டம் போடுவது பாதி முடிந்த மாதிரி. பனியுகத்தின் கடைசியில் உருகிப் பின்வாங்கிய பனிப்பாறைகள் இந்தப் பக்கம் ஏராளமான மணலை விட்டுப்போயின. அலையும் காற்றும் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, இரண்டு குடாக்களின் வாயை அடைத்து மணல்திட்டு கட்டின. உள்ளே அகப்பட்ட தண்ணீர் இரண்டு தனி ஏரிகளாகிவிட்டது: வெஸ்ட் லேக், ஈஸ்ட் லேக். குடாவின் வாயை மறித்த இப்படியான மணற்குன்றுகளில், நன்னீர்க் கரையில் இருப்பவற்றுள் உலகிலேயே பெரியது இதுதான் என்று பூங்காக்காரர் பெருமையாகச் சொல்வார்கள். திட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். அந்த இரண்டு தண்ணீருக்கும் குணம் வேறு.

ஈஸ்ட் லேக்கை மறித்து நிற்கும் திட்டின் வெளிப்பக்கம்தான் அவுட்லெட் கரை. இங்கே ஏரி மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். நெடுந்தூரம் நடந்துபோனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல கரை ஒன்ராறியோவில் குறைவு. அதனாலேதான் யூலை மாத ஞாயிறுகளில் அங்கே துவாய் விரிக்க இடம் கிடைக்காது. வெஸ்ட் லேக் திட்டின் வெளிப்பக்கம் சாண்ட்பாங்ஸ் கரை. நீளமானது, காற்று நேரே முகத்தில் அடிக்கும், அலை கூட. அஸ்தமனம் பார்க்க விரும்புகிறவர்கள் பின்னேரத்தில் இங்கேதான் வரவேண்டும். சனத்தை விட்டு விலகி நடக்க விரும்புகிறவர்களுக்கும் இதுதான்.

மூன்றாவது டியூன்ஸ் கரை. இது திட்டின் உள்பக்கம், வெஸ்ட் லேக்கின் ஓரம். பெரிய குன்றுகள் இங்கேதான். ஏரியிலிருந்து வீசும் காற்று மணலைக் குன்றின் முதுகில் ஏற்றி, உச்சி கடந்ததும் மறுபக்கம் கொட்டிவிடும். உலர்ந்த மணல் சாதாரணமாக 34 பாகை அளவு சரிவில்தான் நிற்கும், அதைவிடச் செங்குத்தானால் சரிந்துவிடும். அந்தச் சரிவு தண்ணீருக்கு வெளியே முடிவதில்லை. அதனால் டியூன்ஸ் கரையில் நாலு எட்டு வைத்தாலே காலுக்குக் கீழே நிலம் இல்லாமல் போகலாம். மேலே இருந்து உருண்டு வந்து தண்ணீரில் விழுவதுதான் அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஆக, அவர்கள் போய் விழும் இடமே ஆழமான இடம்.

அப்படியென்றால் அவுட்லெட்டோடு நின்றுவிடலாமே என்று என் மச்சாள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்ராறியோ ஏரியின் வடகரைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மேற்குக் காற்று சில நாள் தொடர்ந்து அடித்தால் மேலே இருக்கும் சூடான தண்ணீர் கரையை விட்டு நடு ஏரிக்குத் தள்ளப்பட்டு, அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்துவிடும். வெளியே 30 பாகை வெயில் கொளுத்தும், தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு குத்தும். வானிலைச் செயலியில் இருக்கும் வெப்பநிலை காற்றினுடையது, ஏரியினுடையது இல்லை. அப்படியான நாளில் வெஸ்ட் லேக்தான் காப்பாற்றும். அது தனி ஏரி, சின்னது, மொத்தத்தில் ஆழம் குறைவு, பெரிய ஏரியின் குளிர் அங்கே வராது. ஆக, திட்டம் இதுதான்: ரென்ற் அவுட்லெட் பக்கம், முதல் தெரிவு அவுட்லெட் கரை, தண்ணீர் குளிர்ந்தால் காரில் டியூன்ஸ் கரை, அங்கே நீந்தத் தெரியாத எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெற். எல்லோருக்கும் என்றால் பெரியாக்களுக்கும்தான். எங்கள் வீட்டுப் பெண்களில் பாதிப்பேர் பருத்தித்துறைக் கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள், ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. பூங்காவின் மூன்று கரையிலும் உயிர்காப்பாளர் யாரும் இல்லை. காற்றடைத்த அன்னமும் டோனற்றும் உயிர்காப்புச் சாமான் அல்ல, கரையிலிருந்து ஏரிப்பக்கம் காற்று வீசினால் பிள்ளையோடு சேர்த்து அதைக் கொண்டுபோய்விடும்.

கரை முடிவானதும் நாள். அத்தானுக்குக் கனடா தின வாரஇறுதிதான் வேண்டும். "வெள்ளிக்கிழமை வேலை முடிச்சு வெளிக்கிட்டா இருட்ட முதல் போயிரலாம்" என்கிறார். வெள்ளி பின்னேரம் 401 இல் ஏயாக்ஸ் தாண்டவே எவ்வளவு நேரம் போகும் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் லோங் வீக்கெண்ட் என்றால் அவருக்கு ஒரு பாசம். நான் கேட்டது ஓகஸ்ட் கடைசி, ஞாயிறு போய் வியாழன் திரும்புவது. ஞாயிறு எல்லாரும் திரும்பும் நாள், நாங்கள் போகும் பக்கத்துத் தெரு வெறுமையாக இருக்கும். ஏரி கோடை முழுக்கச் சூடேறியிருக்கும், நுளம்பும் குறைந்திருக்கும். நான்கு நாள் லீவு எடுக்கவேண்டும் என்பதுதான் ஒரே வில்லங்கம். அத்தானின் சத்தம் மூன்று நாள் வாட்ஸ்அப் குழுவில் நின்றுபோயிருந்தது. பிறகு கட்டைவிரல் ஒன்று போட்டார்.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் இடம் பதிவது ஒரு சின்ன யுத்தம். போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு, காலை 7 மணிக்கு இணையத்தில் திறக்கும். ஓகஸ்ட் 23 போக வேண்டுமென்றால் மார்ச் 23. சாண்ட்பாங்ஸில் நல்ல இடங்கள் சில நிமிடத்தில் போய்விடும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: எங்களுக்கு மூன்று நாள் முன்பு வந்து ஒரு கிழமை தங்கப்போகிறவர், எங்களுக்கு மூன்று நாள் முன்பே பதிந்து எங்கள் இரவுகளையும் சேர்த்து எடுத்துவிடுவார். ஆகவே நாங்கள் 7 மணிக்குக் கண் விழிக்கும்போதே வரைபடத்தில் பாதி சிவப்பு. இதைத் தெரிந்துகொண்டால் மனம் உடையாது. முதல் நாளே பத்துப் பன்னிரண்டு இட இலக்கங்களை விருப்ப வரிசையில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். ஏரிக்கரையை ஒட்டிய இலக்கத்துக்காகக் காத்திருந்து அதுவும் போய், இரண்டாவதும் போய், கடைசியில் கழிப்பறைக் கதவுக்கு எதிரே இடம் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு இடத்தில் ஒரே குடும்பம் இல்லையென்றால் ஆறு பேர்தான். வாகனம் ஒன்று கட்டணத்தில் அடக்கம், இரண்டாவதுக்குத் தனிக்காசு. நாங்கள் இரண்டு குடும்பமும் பெரியம்மாவும். இரண்டு பக்கத்துப் பக்கத்து இடம் வேண்டும், இரண்டு பேர் இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். என் மகள் ஒன்றில், மச்சாள் ஒன்றில். பெரியம்மாவின் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை, ரொய்லற் கிட்டவோ?" அவவுக்கு முழங்கால் நோ, இரவில் ரோர்ச் பிடித்துக்கொண்டு நெடுக நடக்கமுடியாது. ஆனால் மிகக் கிட்ட எடுத்தால் விடிய விடியக் கதவு அடிக்கும் சத்தம். இரண்டு மூன்று இடம் தள்ளி எடுப்பதுதான் உத்தமம். பூங்காவின் இணையத்தளத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் படம் இருக்கிறது. நிழல் எவ்வளவு, தரை சமமா, பக்கத்து இடத்துக்கும் எங்களுக்கும் நடுவே பற்றை இருக்கிறதா என்பதை அதில் பார்க்கலாம். பெரியம்மாவின் சுவாசக் கருவிக்கு மின்சாரம் தேவைப்பட்டிருந்தால், கரை தள்ளியிருந்தாலும் மின்சாரம் உள்ள இடமாகத் தேடியிருப்போம். அது வேண்டியிராததால் அவுட்லெட் ரிவர் பகுதி, கரைக்கு நடந்தே போகலாம்.

மார்ச் 23 ஆம் திகதி விடிய மகள் எடுத்தாள், மச்சாளுக்குப் பக்கத்து இடம் கிடைக்கவில்லை. அவள் எடுத்தது நாலு இடம் தள்ளி. இரத்து வரும், யாராவது கைவிடுவார்கள், பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். யூன் முடிய மனம் மாறுகிறவர்கள் அதிகம்.

இனி மணல். எனக்கு இந்தப் பூங்கா பிடித்ததற்கு உண்மையான காரணம் நீச்சல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கவுண்டியில் பார்லி நல்ல விலைக்குப் போனது. நல்ல நிலமெல்லாம் பார்லிக்கு, மாடுகள் மணற்குன்றுக்கு. மாடு புல்லைத் தின்று வேரையும் மிதித்தது. புல் போனதும் மணல் நடக்கத் தொடங்கியது. தெருவை மூடியது, தெருவைத் தள்ளிப் போட்டார்கள், அதையும் மூடியது. ஒரு செங்கல் தொழிற்சாலையும் மணலிடம் தோற்றது. 1921 முதல் அரசு மரம் நட்டு மணலைப் பிடித்து நிறுத்தியது. அது முடிய இன்னொரு கூத்து. 1950களின் கடைசியில் ஒரு சிமெந்துக் கம்பனிக்கு இதே மணலை அள்ள அனுமதி கொடுத்தார்கள். 1970 இல் பூங்கா வந்த பிறகும் அது நிற்கவில்லை. சனம் எதிர்த்துக் கிளம்பிய பிறகுதான் நின்றது.

இதைப் பூங்காவின் பலகையில் வாசித்தபோது எனக்கு வேறு ஊரைப் பற்றி எழுதியிருக்கிற மாதிரித் தெரியவில்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் மணற்காடு. அங்கேயும் வெள்ளை மணற்குன்றுகள். மணலுக்குள் அமிழ்ந்துபோன பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். மணலைக் கட்ட நட்ட சவுக்கங்காடு. அங்கேயும் மணல் அள்ளுகிறார்கள், அனுமதி இல்லாமல், உழவு இயந்திரத்தில். அந்தச் செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மணற்காட்டில் மணலைப் பிடித்திருப்பது இராவணன் மீசையும் அடம்பன் கொடியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று அம்மம்மா எதற்கெடுத்தாலும் சொல்லுவா. இங்கே அந்த வேலையைச் செய்வது மாரம் புல். மணல் மூட மூட மேலே வளரும், பக்கவேர் விட்டுப் பரவும், எத்தனை காற்றையும் தாங்கும். ஆனால் மனிதக் காலைத் தாங்காது. நாலு பேர் ஒரே வழியால் ஏறி இறங்கினால் அந்தக் கீறல் வழியே காற்று புகுந்து குன்றை உள்ளிருந்து தோண்டிவிடும். கயிறு கட்டிய இடத்துக்குள் படம் எடுக்க ஏறுகிற எங்கள் சனத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஏறி உருள அனுமதித்த வெறும் மணல் நிறையக் கிடக்கிறது. புல் இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

குன்றுகளுக்கு நடுவே ஈரமான பள்ளங்கள் இருக்கின்றன, காட்டு ஓர்க்கிட் பூக்கிற இடங்கள். அதற்கென்று நடைபாதை போட்டிருக்கிறார்கள், அதை விட்டு இறங்கக்கூடாது. பூவுக்காக மட்டும் சொல்லவில்லை. பாதையோரம் பொய்சன் ஐவி தாராளம். ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலையின் காம்பு மற்றதைவிட நீளம். இலையின் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் போட்டுக் கிழமைக் கணக்கில் கடிக்கும். பட்ட உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவினால் தப்பலாம். பச்சையாக எதைக் கண்டாலும் "இதில வறை வறுக்கலாமே" என்று கிள்ளிப்பார்க்கிற பெரியம்மாவுக்கு இதை மட்டும் இரண்டு தரம் சொல்லியிருக்கிறோம்.

சாமான் விஷயத்தில் கடைகள் சொல்வதில் பாதியை வாங்கத் தேவையில்லை. மணல் தரைக்கு இரண்டு சாமான்தான் விசேஷம். ரென்ற்றோடு வரும் மெல்லிய கம்பி முளை மணலில் நிற்காது, நீளமும் அகலமுமான மணல் முளை வேண்டும். அது கிடைக்காவிட்டால் சீலைப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிக் குழிக்குள் புதைத்துவிடலாம், அசையாது. மற்றது தும்புத்தடி. பிளாஸ்ரிக் துடைப்பத்தால் கூடாரத்து மூலையில் கிடக்கும் மணலை எடுக்கமுடியாது. வாசலில் ஒரு தட்டுத் தண்ணீர், பக்கத்தில் பழைய துவாய், குழந்தைப் பவுடர் ஒரு ரின். ஈரக்காலில் பவுடரைப் போட்டுத் தட்டினால் மணல் உதிர்ந்துவிடும்.

சாப்பாட்டில் எங்களுக்கு இரண்டு கட்சி. ஹொட் டோக் போதும் என்பது பிள்ளைகள் கட்சி. காட்டுக்குள் போனாலும் புட்டு வேண்டும் என்பது அத்தான் கட்சி. காற்றில் புட்டுப் பானைக்கு ஆவி பிடிக்க வைப்பது சும்மா வேலை இல்லை. அடுப்பைச் சுற்றித் தகர மறைப்பு இல்லாவிட்டால் காஸ்தான் முடியும், மா வேகாது. அதனால் ஒரேயொரு காலை மட்டும் புட்டு, அதுவும் அத்தானே அவிக்கவேண்டும் என்று தீர்மானம். முதல் இரவு லோரன்ஸ் அவெனியூவில் வாங்கிக்கொண்டு போகும் கொத்து ரொட்டி. ஆட்டிறைச்சிக் கறியை வீட்டில் காய்ச்சி, தட்டையாகப் பைகளில் போட்டு உறையவைத்து, கூலரின் அடியில் ஐஸுக்குப் பதிலாக அடுக்கிவிடுவோம். இரண்டாம் நாள் இரவுக்குச் சரியாக இளகியிருக்கும். மூன்றாம் நாள் ரின் மீன் குழம்பும் பாணும். வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் வெட்டிப் போட்டால் போதும், கருவேப்பிலை மறக்கக்கூடாது. சோளம் அங்கே வாங்கி நெருப்பில் வாட்டலாம்.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகக்கூடாது. ஆஷ் மரங்களை அழிக்கிற மரகதப் பச்சை வண்டு விறகுக்குள் ஒளித்துத்தான் ஊர் ஊராகப் போகிறது. அங்கேயே வாங்கி அங்கேயே எரிக்கவேண்டும்.

கருவாட்டுக்குத் தடை. போன வருடமே அந்த விவாதம் முடிந்துவிட்டது. சாண்ட்பாங்ஸ் றக்கூன்களுக்குக் கூலர் மூடி திறக்கத் தெரியும், பூட்டுப் போடாத எதுவும் அவற்றுக்குச் சொந்தம். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் சாப்பாட்டுச் சாமான் முழுக்கக் காருக்குள் போய்விட வேண்டும், கழுவாத சட்டி உட்பட. நெத்தலி வாசம் காருக்குள் நாலு இரவு இருந்தால் றக்கூனை விட எனக்குத்தான் தண்டனை.

ஸ்பீக்கரும் வீட்டில் நிற்கும். பூங்காவில் பகலிலும் மற்றவர்களைக் குழப்பும் சத்தம் குற்றம், இரவில் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பைலா போடாமல் என்ன காம்பிங் என்று அத்தான் கேட்டார். வாய் இருக்கிறதே, பாடுங்கோ, மெதுவாகப் பாடுங்கோ என்றேன்.

வியாழக்கிழமை பின்னேரம் 2 மணிக்குள் இடத்தை விடவேண்டும். 401 க்கு நேரே ஏறாமல் பிக்டன் வழியாகக் கிளெனோராவுக்குப் போவதாக உத்தேசம். அங்கே மலைமேல் ஒரு ஏரி, கீழே குவின்ரே குடா, இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். கீழே இறங்கினால் கார் ஏற்றும் படகு, கால் மணி நேரத்தில் அடல்பஸ்ரவுனில் கொண்டுபோய் விடும். சுற்றுத்தான், ஆனால் பெரியம்மாவுக்குப் படகில் ஏறவேண்டும். நயினாதீவுக்குப் போனதுக்குப் பிறகு ஏறவில்லையாம். படகுக்குக் கட்டணம் இல்லை, மாகாண அரசின் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது. அத்தான் இன்னும் நம்பவில்லை.

"காரோட சேர்த்துச் சும்மா ஏத்துவாங்களே? எதுக்கும் சில்லறைக் காசு வைச்சிரு."